33 சதவீத சம்பள ஹைக், வாரம் 5 நாள் ஆபீஸ்: கையெழுத்துப் போடும் முன் போட வேண்டிய கணக்கு

மதுரையில் சொந்த வீட்டில் உட்கார்ந்தபடி வருடத்துக்கு 12 லட்சம் சிடிசிக்கு (கம்பெனி உங்களுக்காகச் செலவழிக்கும் மொத்தம்) வேலை. சென்னை ஓஎம்ஆரில் ஒரு நிறுவனம் 16 லட்சம் தருகிறேன் என்கிறது. வாரம் 5 நாளும் ஆபீஸுக்கு வர வேண்டும். இன் செய்த சட்டை, தோல் ஷூ. டி-ஷர்ட்டுக்கு இடமில்லை. ஆஃபர் லெட்டரைப் பார்த்த வீட்டார் "இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்பார்கள். யோசிக்க நிறைய இருக்கிறது. முக்கால்வாசி வெறும் கூட்டல் கழித்தல்தான், ஒரு ஞாயிறு மாலை போதும்.

இதில் வரும் எண்கள் மாதிரிக்கு. வரிக் கணக்கு 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி போட்டது. உங்கள் எண்களை அந்தந்த இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. இப்போதைய வேலையில் 'வீட்டிலிருந்து' என்பது எழுத்தில் இருக்கிறதா?

உங்கள் பழைய ஆஃபர் லெட்டரை எடுத்து, வேலை இடம் என்ற வரியைப் படியுங்கள். அங்கே 'ரிமோட்' என்றோ உங்கள் ஊர்ப் பெயரோ இருந்தால் கையில் ஓரளவு பிடி உண்டு. பெங்களூரு என்றோ சென்னை என்றோ போட்டுவிட்டு, கோவிட் காலத்தில் வந்த ஒரு மெயிலை நம்பி நீங்கள் ஊரில் இருந்தால், உங்களிடம் இருப்பது உரிமை அல்ல, சலுகை. குறுகிய நோட்டீஸில் திரும்ப அழைக்கலாம். அப்படி அழைத்தால் 12 லட்சத்துக்கே சென்னைக்குப் போக வேண்டியிருக்கும். ஆகவே ஒப்பிடும் முன், இந்த வேலை இன்னும் 2 வருடம் இப்படியே வீட்டிலிருந்து நடக்குமா என்று மேனேஜரிடம் நேராகக் கேளுங்கள். பதில் இழுபறியாக இருந்தால் கீழே வரும் கணக்கில் வீட்டு வேலைக்கான மதிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

2. சிடிசியை உரித்துப் பாருங்கள்

ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. சிடிசி என்பது கம்பெனி உங்களுக்காகச் செலவழிக்கும் மொத்தம். உங்கள் கைக்கு வருவது அல்ல. ஆஃபர் லெட்டரோடு வரும் சம்பளப் பிரிப்பு இணைப்பைக் கேட்டு வாங்குங்கள். அதைத் தராமல் மொத்தத் தொகையை மட்டும் சொன்னால் பதிலே சொல்லாதீர்கள்.

முதலில் பழைய வேலை. சிடிசி 12,00,000, அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது 6,00,000. கம்பெனியின் பிஎஃப் பங்கு சட்டப்படியான உச்சவரம்பான 15,000 ரூபாய்க்கு மட்டும், மாதம் 1,800 வீதம் 21,600. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) அடிப்படையில் 4.81 சதவீதம், 28,860. இரண்டும் சிடிசிக்குள்ளேயே அடங்கும். கழித்தால் மொத்தச் சம்பளம் 11,49,540. நிலையான கழிவு 75,000 போனால் வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் வந்துவிடுகிறது, வரி பூஜ்யம். உங்கள் பங்கு பிஎஃப் 21,600, தொழில் வரி அரையாண்டுக்கு 1,250 வீதம் 2,500. மாதம் கைக்கு 93,787.

இப்போது புதிய ஆஃபர். 16,00,000-இல் வேரியபிள் 10 சதவீதம், 1,60,000. அது வருட முடிவில், ரேட்டிங் பார்த்து வருவது. நிலையான பகுதி 14,40,000. அடிப்படை 7,20,000. இந்தக் கம்பெனி உச்சவரம்பு பார்க்காமல் முழு அடிப்படைக்கும் 12 சதவீதம் பிஎஃப் கட்டுகிறது: 86,400. கிராஜுவிட்டி 34,632. குரூப் மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 18,000, அதையும் சிடிசியில் சேர்த்திருக்கிறார்கள். எல்லாம் போக மொத்தச் சம்பளம் 13,00,968.

வரிக்குரிய வருமானம் 12,25,968. 12 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, கவனியுங்கள். 12 லட்சம் வரை தள்ளுபடியால் வரி இல்லை. தாண்டியதும் முழு வரி விழாமல் இருக்க ஒரு நிவாரணம் உண்டு. அதன்படி, தாண்டிய தொகை எவ்வளவோ அதற்கு மேல் வரி போகாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதன் மறுபக்கம், 12 லட்சத்துக்கு மேல் முதல் 70,000 ரூபாய் சொச்சம் நீங்கள் எவ்வளவு சம்பாதித்தாலும் கிட்டத்தட்ட அத்தனையும் வரியாகவே போய்விடும். இங்கே 25,968 தாண்டியிருக்கிறது. வரி 25,968, அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 27,007.

உங்கள் பங்கு பிஎஃப் 86,400, தொழில் வரி 2,500, வரி 27,007 போக மாதம் கைக்கு 98,755.

ஆக, சிடிசி 4 லட்சம் ஏறியும் மாதாமாதம் வங்கிக் கணக்கில் கூடுவது 4,968 ரூபாய்.

மீதி எங்கே? பிஎஃப்பில் இரு பங்கும் சேர்த்து மாதம் 10,800 கூடுதலாகச் சேர்கிறது. உங்கள் பணம்தான், இந்த மாத வாடகைக்கு ஆகாது, அவ்வளவுதான். வேரியபிள் 100 சதவீதமும் வந்தால், அதற்குரிய கூடுதல் வரி 64,404 போக 95,596 மிஞ்சும், மாதத்துக்கு 7,966. எல்லாவற்றையும் தாராளமாகச் சேர்த்தாலும் உண்மையான உயர்வு மாதம் 23,734. முந்தைய வருடம் அந்த டீமில் வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள் என்று அங்கே வேலை செய்பவரிடம் கேளுங்கள். எச்ஆரிடம் கேட்டால் 'அதிகபட்சம்' என்ன என்பதைத்தான் சொல்வார்கள்.

வீட்டு வாடகைப் படிக்கான வரிவிலக்கு உதவுமே என்று எண்ண வேண்டாம். புதிய வரி முறையில் அது கிடையாது. பழைய முறையில் உண்டு, சென்னைக்கு அடிப்படையில் 50 சதவீதம் வரை. ஆனால் வீட்டுக் கடன் வட்டி, 80சி எல்லாம் நிறைய இல்லாதவருக்குப் பழைய முறை கட்டுப்படியாகாது. கம்பெனி வழி என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) பங்களிப்பு அப்படியல்ல. அடிப்படையில் 14 சதவீதம் வரை புதிய முறையிலும் கழிவு உண்டு. இந்த மாதிரியில் அது 1,00,800. வேரியபிள் இல்லாத நிலையில் வரி பூஜ்யமாகிவிடும். ஓய்வுக்காலம் வரை பணம் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும் என்பது அதன் விலை. சேரும்போதே கேட்டுவிடுங்கள், பல கம்பெனிகளில் வருடத்துக்கு ஒருமுறைதான் மாற்ற விடுவார்கள்.

3. ஊர் மாறும் செலவு

மாதச் செலவை இப்படி எழுதிப் பாருங்கள்:

வாடகை, பராமரிப்பு: 16,000
சாப்பாடு: 7,000
ஆபீஸ் போக வர: 3,000
மாதம் இரண்டு முறை ஊருக்கு: 3,000
ஈபி, இன்டர்நெட், தண்ணீர் கேன்: 2,000
உடை, இஸ்திரி: 1,500

மொத்தம் 32,500. நீங்கள் ஊரில் இல்லாததால் வீட்டில் குறையும் செலவு ஒரு 5,000 என்று கொள்ளுங்கள். பகல் முழுக்க ஓடும் ஏசியும் அதில் அடக்கம். நிகரம் 27,500. உண்மையான உயர்வு 23,734 என்று மேலே பார்த்தோம். அதாவது 33 சதவீத ஹைக்கில் மாதம் 3,766 ரூபாய் நஷ்டம். அதுவும் வேரியபிள் முழுசாக வந்தால்.

மாதச் செலவை விட முதல் மாதச் செலவுதான் பலரைக் கடன் கார்டில் தள்ளுகிறது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அந்த 'வேறு உடன்பாடு' என்ற ஓட்டையில்தான் சென்னையே நடக்கிறது. 5 மாதம் சாதாரணம், 10 மாதம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். வாடகை 15,000 என்றால் 5 மாத அட்வான்ஸ் 75,000, புரோக்கருக்கு ஒரு மாதம் 15,000, முதல் வாடகை 15,000, சாமான் ஏற்றி வர 20,000, உடைக்கு 20,000. ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. கையிருப்பாக வேண்டும்.

இதில் இரண்டு பொறிகள். ஒன்று, சம்பளக் கட்-ஆஃப். மாதம் 20-ஆம் தேதிக்கு மேல் சேர்ந்தால் பல கம்பெனிகளில் முதல் சம்பளம் அடுத்த மாதக் கடைசியில்தான் வரும். சேரும் தேதியை முடிவு செய்யும்போது கட்-ஆஃப் தேதி என்ன என்று கேளுங்கள். இரண்டு, ஈபி. தனி மீட்டர் உள்ள வீட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கே கிடைக்கும். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் வசூலித்தால் அந்தச் சலுகை அவரோடு நின்றுவிடும். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பார்களா என்பதை ஒப்பந்தத்தில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

முடிந்தால் முதல் மூன்று மாதம் பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதி) இருங்கள். அதற்குள் ஆபீஸ் பிடிக்காமல் திரும்பினால், அட்வான்ஸில் மாட்டாமல் இருக்கலாம்.

ஊருக்குப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. வெள்ளி இரவு எழும்பூரிலிருந்து கிளம்பும் பாண்டியன் எக்ஸ்பிரஸில் இடம் வேண்டுமானால் காலண்டரில் குறித்து வைத்து, திறக்கும் காலையிலேயே எடுக்க வேண்டும். கடைசி நேர ஆம்னி பஸ் வெள்ளிக்கிழமையும் பண்டிகைக்கு முன்பும் கேட்கும் கட்டணத்தில் மேலே எழுதிய 3,000 ஒரே பயணத்தில் கரைந்துவிடும்.

4. போகவர ஆகும் நேரத்தை அளந்து பாருங்கள், ஊகிக்காதீர்கள்

ஞாயிறு மதியம் மேப்பில் பார்த்தால் மேடவாக்கத்திலிருந்து சிறுசேரி பக்கத்தில்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமை காலை 8:15-க்குப் போய்ப் பாருங்கள். சோழிங்கநல்லூர் சந்திப்பில் சிக்னல் மூன்று முறை மாறினாலும் உங்கள் பஸ் நகராது. மாதவரம் – சிறுசேரி சிப்காட் மெட்ரோ தடத்தின் வேலைகளால் ஓஎம்ஆரின் அகலமும் பல இடங்களில் குறைந்திருக்கிறது. இன்டர்வியூவுக்கோ கையெழுத்துக்கோ சென்னை போகும் நாளில், வீடு பார்க்க நினைக்கும் இடத்திலிருந்து ஒருமுறை உச்ச நேரத்தில் போய், மாலை 6:30-க்குத் திரும்புங்கள். அதுதான் எண்.

கம்பெனி பஸ் இருந்தால் மூன்று கேள்வி: சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள், நிறுத்தம் வீட்டிலிருந்து எத்தனை நிமிட நடை, மாலையில் எத்தனை மணிக்கு விடுவார்கள். 6:15 பஸ்ஸை மீட்டிங் விழுங்கினால் அன்றைக்கு ஆட்டோ. மாநகரப் பேருந்தில் விருப்பம்போல் பயணிக்கும் மாதப் பாஸ் 1,000 ரூபாய், ஏசி பேருந்தும் சேர்த்தால் 2,000.

ஒரு வழிக்கு 75 நிமிடம் என்றால் 22 நாளில் 55 மணி நேரம். இதற்கு விலை போடும் முறை எளிது. சென்னையிலேயே சொந்த வீடு உள்ள ஒருவருக்கு இதே ஆஃபர் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வாடகை இல்லை. பயணம், உடை, மதிய உணவுக்கு 7,000. உண்மையான உயர்வு 23,734-இல் அது போனால் 16,734. 55 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 304 ரூபாய். இப்போது அவர் மாதம் 176 மணி நேரம் வேலை செய்து 93,787 வாங்குகிறார், மணிக்கு 533. ஆக பஸ்ஸில் கழியும் மணிக்கு அவருடைய வழக்கமான கூலியில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் கிடைக்கிறது. அது போதுமா என்பது அவரவர் பாடு. குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருபவருக்குப் போதாது. பஸ்ஸில் தூங்கக்கூடியவருக்குப் போதலாம்.

நவம்பர், டிசம்பரைத் தனியாகக் கேளுங்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் நிற்கும் நாளில் வீட்டிலிருந்து வேலை செய்யலாமா, அல்லது விடுப்பில் கழியுமா என்று.

5. உடை: பணம் குறைவு, தொந்தரவு அதிகம்

'ஃபார்மல்' என்று எச்ஆர் சொல்வதும் தளத்தில் நடப்பதும் ஒன்றாக இருக்காது. பேண்ட், காலர் சட்டை போதுமா, இன் செய்ய வேண்டுமா, தோல் ஷூ கட்டாயமா, வெள்ளிக்கிழமை ஜீன்ஸ் உண்டா, கிளையன்ட் வரும் நாளில் பிளேஸர் வேண்டுமா? பெண்கள் குர்த்தி, லெக்கிங்ஸ் செல்லுமா, துப்பட்டா கட்டாயமா, கையில்லாத மேல்சட்டைக்கு ஆட்சேபம் உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுவது நல்லது. கேட்டுவிட்டு, மாலை 6 மணிக்கு அந்த ஆபீஸ் வாசல் டீக்கடையில் கால் மணி நேரம் நில்லுங்கள். கழுத்தில் ஐடி கார்டோடு வெளியே வருகிறவர்களின் காலைப் பாருங்கள். பத்துப் பேரில் ஆறு பேர் ஸ்னீக்கர்ஸ் என்றால் கையேட்டில் உள்ள விதி கையேட்டோடு சரி. எல்லாருமே கறுப்பு ஷூ என்றால், உங்களுக்கும் அதுதான்.

வாரம் ஒருமுறை துவைப்பவருக்கு 6 சட்டை, 4 பேண்ட், 2 ஜோடி ஷூ, 6 ஜோடி சாக்ஸ், ஒரு பெல்ட். சட்டை 1,300, பேண்ட் 1,600, ஷூ 2,400, பெல்ட் 700, சாக்ஸ் 100 என்று போட்டால் 20,300. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காதீர்கள். முதலில் 3 சட்டை, 2 பேண்ட், ஒரு ஷூ வாங்கிச் சேருங்கள், இரண்டு வாரம் பார்த்து மீதியை வாங்குங்கள். விலையைப் பார்க்கும்போது 2,500 என்ற கோட்டையும் பாருங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு துணிக்கோ ஒரு ஜோடி காலணிக்கோ 2,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18.

ஷூ இரண்டு ஜோடி என்பது ஆடம்பரமல்ல. சென்னை வியர்வையில் ஒரே தோல் ஷூவைத் தினம் போட்டால் உள்ளே ஈரம் காய நேரமில்லை. ஒரு மாதத்தில் நாற்றம், ஆறு மாதத்தில் உள்தோல் உரியும். மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டும் தனித்தனியாக இரு மடங்குக்கு மேல் உழைக்கும். மழை நாளில் ஷூவைப் பையில் வைத்து ரப்பர் செருப்போடு போய் ஆபீஸில் மாற்றுவதுதான் இங்கே எல்லோரும் செய்வது. சட்டையில் முதலில் போவது காலர் மடிப்பு. சுத்தமான லினன் பார்க்க அழகு, பஸ்ஸில் இறங்கும்போது கசங்கிய காகிதம். கொஞ்சம் பாலியஸ்டர் கலந்த பருத்தி இந்த ஊருக்குச் சரி.

இஸ்திரிக்கு 22 சட்டை, 11 பேண்ட், துணிக்கு 12 ரூபாய் என்றால் மாதம் 396. துணிகளை ஒன்றரை வருடத்துக்கு வகுத்தால் மாதம் 1,128. இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட மேலே எழுதிய 1,500. பணமாகப் பார்த்தால் இந்தப் பட்டியலிலேயே மிகச் சிறியது. காலையில் தயாராகும் 25 நிமிடம்தான் பெரிசு, அது மாதம் 9 மணி நேரம். ஆகையால் பேரம் பேசும் பலத்தை உடையில் வீணாக்காதீர்கள். உடை விதியை ஒருவருக்காக யாரும் மாற்ற மாட்டார்கள். நாட்களை மாற்றுவார்கள்.

6. எதிர்க் கணக்கு: இங்கேயே 10 சதவீதம் கேட்டால்?

இதைப் பலர் போட்டுப் பார்ப்பதே இல்லை. இப்போதைய கம்பெனி உங்களுக்கு 10 சதவீதம் மட்டும் ஏற்றி 13,20,000 தந்தால், அதே பிரிப்பில் மொத்தச் சம்பளம் 12,66,654. நிலையான கழிவு போக 11,91,654. 12 லட்சத்துக்குள்ளேயே நிற்கிறது. வரி பூஜ்யம். மாதம் கைக்கு 1,03,546. ஓஎம்ஆர் ஆபீஸின் 98,755-ஐ விடக் கூடுதல், அதுவும் லுங்கியோடு.

எனவே புதிய ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு மேனேஜரிடம் பேசுங்கள். 33 சதவீதத்துக்கு ஈடு கேட்க வேண்டாம், 10 முதல் 12 சதவீதம் கேளுங்கள். கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஆஃபரைக் காட்டி மிரட்டும் தொனி வந்துவிட்டால் அடுத்த ஆட்குறைப்புப் பட்டியலில் உங்கள் பெயர் முன்னே போகும். 'போகத்தான் போகிறேன்' என்று உறுதியாக இல்லாதபோது அதைச் சொல்லாதீர்கள்.

சென்னை ஆஃபர் எப்போது கட்டுப்படியாகும்? இதே மாதிரியில் செலவெல்லாம் போக மாதம் 10,000 மிஞ்ச வேண்டும் என்றால் சிடிசியில் இன்னும் சுமார் 2 லட்சம் நிலையான பகுதியாக வேண்டும். ஆக 18 லட்சத்துக்குக் குறைந்து இறங்காதீர்கள். பணத்துக்கு அப்பாற்பட்ட காரணங்களும் உண்டு, அவை பொய்யல்ல. வேலைக்கு வந்து இரண்டு மூன்று வருடமே ஆனவர், பக்கத்து நாற்காலியில் ஒரு சீனியர் இருந்தால் கற்றுக்கொள்ளும் வேகம் வேறு. வீட்டில் தனி அறை இல்லாதவருக்கு ஆபீஸ் ஒரு நிம்மதி. அடுத்த கம்பெனி உங்கள் கடைசி சிடிசியைப் பார்த்துத்தான் ஆஃபர் போடும் என்பதும் உண்மை. இவற்றில் எதுவும் உங்களுக்குப் பொருந்தாவிட்டால், பொருந்துவதாக உங்களையே சமாதானம் செய்துகொள்ள வேண்டாம்.

7. எச்ஆரிடம் கேட்பது, எழுத்தில் வாங்குவது

"மேடம், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய டீம் லீட் சம்மதிச்சிருக்கார். அதை ஆஃபர் லெட்டர்லயே ஒரு வரியா சேர்த்துத் தர முடியுமா?"

"அதெல்லாம் சேர்ந்தப்புறம் டீம்ல பேசிக்கலாம் சார்."

இந்தப் பதில் வந்தால் அந்த இரண்டு நாள் இல்லை என்றே கணக்குப் போடுங்கள். லீட் மாறுவார், பாலிசி மாறும். லெட்டரில் சேர்க்க மறுத்தால் குறைந்தது மெயிலில் உறுதி கேளுங்கள். அதுவும் இல்லை என்றால் அதற்குரிய பணத்தைச் சம்பளத்தில் கேளுங்கள்.

கேட்கும் வரிசை முக்கியம். முதலில் ஆபீஸ் நாட்கள். 5 என்பது 3 ஆனால் மதுரைக்காரருக்கும் வாழ்க்கை மாறுகிறது, செவ்வாய் காலை வந்து வியாழன் இரவு திரும்பலாம், பிஜி போதும். அடுத்து வேரியபிளைக் குறைத்து நிலையான பகுதியில் சேர்ப்பது. பிறகு இடமாற்றப் படி. கடைசியாக ஜாயினிங் போனஸ், ஏனென்றால் அதில் ஒரு முள் இருக்கிறது. ஒரு லட்சம் என்று சொல்லி வரி பிடித்துக் கிட்டத்தட்ட 84,000 தருவார்கள்; ஒரு வருடத்துக்குள் விலகினால் முழு ஒரு லட்சத்தையும் திருப்பிக் கேட்பார்கள். திருப்புவது வரி போன தொகையா, முழுத் தொகையா என்ற வரியைத் தேடிப் படியுங்கள். இடமாற்றப் படிக்கும் அதே கேள்வி.

8. இங்கே விட்டுப்போகும் பணம்

நிரந்தர ஊழியருக்குக் கிராஜுவிட்டி 5 வருடம் முடிந்தால்தான் வரும். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. ஆனாலும் சில கம்பெனிகள் 5 முழு வருடம் கேட்டு அடம் பிடிக்கும். அடிப்படை 50,000 என்றால் 15/26 × 50,000 × 5 = 1,44,230. நாலரை வருடத்தில் நிற்பவர் நோட்டீஸ் பீரியடையும் சேர்த்து எண்ணிப் பார்த்து, பேப்பர் போடும் (ராஜினாமா கொடுக்கும்) தேதியைத் தள்ளலாம். புதிய இடத்தில் இரண்டு மாதம் தள்ளிச் சேர்வதற்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் குறைவு.

ஏப்ரல் முதல் மார்ச் வரைக்கான வேரியபிள் பெரும்பாலும் மே, ஜூனில் வரும். அன்றைக்கு ஊழியராக, பல இடங்களில் பேப்பர் போடாத ஊழியராக, இருக்க வேண்டும். மார்ச்சில் அவசரப்பட்டு ராஜினாமா செய்தால் ஒரு வருட உழைப்பின் வேரியபிள் போகும்.

குரூப் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடியும். அப்பா, அம்மா அதில் இருந்தால், புதிய கம்பெனி பெற்றோரைச் சேர்க்கிறதா, ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். இடையில் பத்து நாள் இடைவெளி விட்டு ஓய்வெடுக்க நினைத்தால், அந்தப் பத்து நாளும் குடும்பத்துக்குக் காப்பீடு இல்லை.

9. பேப்பர் போட்ட பிறகு

கையெழுத்திட்ட ஆஃபர் லெட்டர் மெயிலில் வந்த பிறகே பேப்பர் போடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த "கன்ஃபர்ம்" செல்லாது. 90 நாள் நோட்டீஸைக் குறைக்க பைஅவுட் (மீதி நாட்களுக்குப் பணம் கட்டி முன்னதாக விலகுவது) என்றால், அது அடிப்படைச் சம்பளத்தின் மீதா, மொத்தச் சம்பளத்தின் மீதா என்று பாருங்கள். தொகை இரட்டிப்பாகும். புதிய கம்பெனி அதைத் திருப்பித் தந்தாலும் உங்கள் வருமானமாகக் காட்டி வரி பிடிக்கக்கூடும்.

எடுத்து வைக்க வேண்டியவை: கடைசி 3 மாத சம்பளச் சீட்டுகள், முந்தைய வருடங்களின் ஃபார்ம் 16, அப்ரைசல் கடிதங்கள். கம்பெனி மெயில் மூடப்படும் முன் சொந்த மெயிலுக்கு வர வேண்டும். கடைசி நாளுக்குப் பின் ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, இறுதிக் கணக்கு விவரம். இறுதித் தொகை கைக்கு வர 30 முதல் 45 நாள்கூட ஆகலாம், அதை முதல் மாத அட்வான்ஸுக்கு நம்பாதீர்கள்.

நிதியாண்டின் நடுவில் மாறினால், பழைய கம்பெனியில் வாங்கிய சம்பளம், பிடித்த வரி விவரத்தைப் புதிய கம்பெனியிடம் படிவத்தில் கொடுங்கள். கொடுக்காவிட்டால் இரண்டு பேரும் 75,000 கழிவையும் வரியில்லா அடுக்கையும் தனித்தனியாகக் கொடுத்துவிடுவார்கள். அந்த மாதங்களில் சம்பளம் கூடி வந்தது போல இருக்கும். ரிட்டர்ன் போடும்போது மொத்தமும் வட்டியோடு கட்ட வேண்டி வரும்.

பிஎஃப்பை எடுக்காமல் மாற்றுங்கள். 5 வருடத் தொடர்ச்சி இல்லாமல் எடுத்தால் வரி உண்டு. மாற்றினால் பழைய வருடங்களும் சேர்ந்து எண்ணப்படும். யுஏஎன் (உங்கள் நிரந்தர பிஎஃப் எண்) பக்கத்தில் பழைய கம்பெனி விலகிய தேதியைப் பதிந்ததா, ஆதாரில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இனிஷியல் முன்னா பின்னா என்பதில்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்தவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை: லேப்டாப்பைத் திருப்புவது. சார்ஜர், ஹெட்செட், ஐடி கார்டு, கம்பெனி தந்த மானிட்டர் எல்லாவற்றையும் சீரியல் எண் தெரியும்படி படம் எடுங்கள். பெட்டியை மூடும் முன் ஒன்று, ஒட்டிய பின் ஒன்று. கூரியர் சீட்டின் படத்தையும் அன்றைக்கே ஐடி டீமுக்கு மெயில் செய்து, எச்ஆரையும் பிரதியில் போடுங்கள். 'சார்ஜர் வரவில்லை' என்று இறுதிக் கணக்கில் பிடித்தம் வந்தால் எதிர்த்துக் கேட்க உங்களிடம் இருப்பது அந்தப் படம்தான்.